ஆப்லா ஏன் ஆப்லே ஆகிறது?

ஸ்பானிய மொழி படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: 'பேசுகிறார்' என்பதற்கு 'ஆப்லா' என்று பாடத்தில் இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி அதே வினை 'ஆப்லே' என்று வருகிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. அதன் பெயர் சப்ஜங்டிவ். உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு வடிவம். விருப்பம், சந்தேகம், இன்னும் நடக்காதது இவற்றுக்கு இன்னொரு வடிவம். 'அவர் பேசணும்னு விரும்புகிறேன்' என்றால் 'கியேரோ கே ஆப்லே'.

ஒழுங்கான வினைகளுக்கு விதி சின்னது. 'நான்' வடிவத்தின் (நான் பேசுகிறேன்: ஆப்லோ) கடைசி 'ஓ'வை எடுத்துவிடுங்கள். ஆப்லார் போல 'ஆர்' என முடியும் வினை என்றால், நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற ஒழுங்கில் 'ஏ' வரிசையைச் சேருங்கள்: ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லேய்ஸ், ஆப்லேன். 'ஏர்', 'ஈர்' என முடிந்தால் 'ஆ' வரிசை. சாப்பிடுவதைக் குறிக்கும் கொமேர் இப்படி வரும்: கொமா, கொமாஸ், கொமா, கொமாமோஸ், கொமாய்ஸ், கொமான். ஐந்தாவதான 'நீங்கள்' வடிவம் ஸ்பெயினுக்குத்தான் வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் அது பெரும்பாலும் பேச்சில் இல்லை.

இந்த இடமாற்றம் லத்தீனிலிருந்தே வருகிறது. அங்கே 'ஆமத்' என்றால் நேசிக்கிறார், 'ஆமெத்' என்றால் நேசிக்கட்டும். 'விவித்' வாழ்கிறார், 'விவத்' வாழட்டும். கடைசி 'த்' உதிர்ந்துபோனாலும் உயிரெழுத்து மாறும் முறை இன்றும் அப்படியே இருக்கிறது. செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் அரண்மனை மாடத்திலிருந்து முழங்கும் 'விவா மெஹிகோ'வில் இருப்பதும் அதே 'வாழட்டும்'தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 'புஸ்கோ ஊனா தியெந்தா கே ஆப்ரே லோஸ் தொமிங்கோஸ்': ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடையைத் தேடுகிறேன். அப்படி ஒரு கடை இருப்பது எனக்குத் தெரியும், எந்தத் தெருவில் என்பதுதான் தெரியவில்லை. 'ஆப்ரே'யை 'ஆப்ரா' ஆக்கிப் பாருங்கள். இப்போது எந்தக் கடையானாலும் சரி, ஞாயிறு திறந்திருந்தால் போதும். அப்படி ஒன்று ஊரில் இல்லாமலே கூடப் போகலாம். கடையைப் பற்றிப் புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை. பேசுபவர் மனதில் அந்தக் கடை இருக்கிறதா இல்லையா என்பதை ஓர் உயிரெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது!

காலத்திலும் இதே வேலை நடக்கிறது. 'குவாந்தோ யேகா' என்றால் அவர் வழக்கமாக வரும்போதெல்லாம். 'குவாந்தோ யேகே' என்றால் இனி வரப்போகும்போது. அந்த வருகை இன்னும் நிகழவில்லை.

இருப்பதையும் இருக்கக்கூடியதையும் மனித மனம் எப்படிப் பிரித்து வைக்கிறது என்பது பெரிய அறிவியல் கேள்வி. அறிவியல் நிதி ஆய்வகக் கருவிகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் மாறி, மொழியியலுக்கும் அதில் நல்ல பங்கு கிடைக்க வேண்டும். வகுப்பிலும் அட்டவணையை ஒப்பிக்க வைப்பதற்கு முன் அந்தக் கடை வாக்கியத்தைக் காட்டலாம்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். தேடுவதைக் குறிக்கும் புஸ்கார் 'புஸ்கே' ஆகும்போது 'சி' போய் 'கியூ', 'யு' இரண்டும் வருகின்றன. 'ஏ'க்கு முன்னால் 'சி' நின்றால் 'ககர' ஒலி போய்விடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 'யேகே'யில் 'ஜி'க்குப் பின் ஒரு 'யு' நுழைவதும் இதற்காகவே. காதில் விழும் ஒலி மாறவே இல்லை. ஆகவே இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.