மூச்சைப் பிடித்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள்

மதுரை செல்லூரில் என் க்ளினிக் வாசலில் ஒரு மர பெஞ்ச் கிடக்கிறது. சாயங்காலம் கூட்டம் அதிகமாக இருந்தால், டோக்கன் வாங்கிய பூக்கார அம்மாக்கள் அதில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்துப் பூக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் நாலைந்து முழம் தேறிவிடும்.

போன வருடம் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு அக்காவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 48. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. கை ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மூச்சு பிடிபட்டது. நாலைந்து முடிச்சு வரைக்கும் மூச்சே இல்லை. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கின்றன. அப்புறம் ஒரு பெருமூச்சு. மறுபடி நிறுத்தம்.

உள்ளே வந்ததும் அவர் சொன்னது இது: "டாக்டரம்மா, பிடரி எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." விடியற்காலை நாலு மணிக்கு அவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டும். இரண்டு மணிக்குப் போன தூக்கம் போனதுதான்.

ஈசிஜி சரியாக இருந்தது. தைராய்டு, ரத்தசோகை, சுகர் எல்லாம் பார்த்தாயிற்று. பிரஷர்தான் மூன்று தனித்தனி நாட்களில் எடுத்தும் 150-க்குக் கீழே வரவில்லை, கீழ் அளவு 96. மாத்திரை எழுதினேன். சீட்டின் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: காலையில் 10 நிமிடம், படுக்கும் முன் 10 நிமிடம், மூச்சு.

அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 20 வருடத்துக்கு மேலாக இந்தப் பகுதியில் வைத்தியம் பார்க்கிறேன். யோகா என்றதும் பலர் "எனக்கெல்லாம் உடம்பு வளையாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தியானம் என்றால் "அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்" என்கிறார்கள். நான் கேட்பது வளைவதை அல்ல. மூச்சை விடச் சொல்கிறேன், அவ்வளவுதான். மூச்சை இழுக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுசாக வெளியே விடத்தான் நமக்குத் தெரியவில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருக்கமாக வரும். விடும்போது இடைவெளி கூடும். சின்ன வயதுக்காரர்களிடம் இது நன்றாகவே தெரியும். வயதானவர்களிடமும், வெகுநாள் சுகர் இருப்பவர்களிடமும் லேசாகத்தான் தெரியும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

உடம்பில் இதயத்தை விரட்டுகிற நரம்புக் கூட்டம் ஒன்று, அடக்குகிற கூட்டம் ஒன்று. அடக்குவதில் முக்கியமானது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், வயிறு வரைக்கும் போகும் வேகஸ் நரம்பு. மூச்சை வெளியே விடும் நேரத்தில்தான் அதன் பிடி கூடுகிறது. வெளிமூச்சை நீட்டினால் அடக்குகிற கைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இதயம், இரைப்பை, ரத்தக்குழாய் எதற்கும் நாம் நேரடியாக உத்தரவு போட முடியாது. மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிகிறது.

செய்முறை எளிது. நாற்காலியிலோ தரையிலோ முதுகு கூனாமல் உட்காருங்கள். மூக்கு வழியாக, மனசுக்குள் நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி. ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். நடுவில் அடக்கி வைக்க வேண்டாம். தலை கிறுகிறுத்தால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

அடக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்று கணக்கு வைக்கிறார் (மாத்திரை என்பது இங்கே கால அளவு). இழுப்பதைவிட விடுவது இரண்டு மடங்கு என்பதை அப்போதே கண்டு சொல்லியிருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த 64, குருவோடு வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு. மொபைலில் வீடியோ பார்த்து அந்த 64-ஐ முயற்சி செய்த ஒருவர், முகம் சிவந்து, தலைவலியோடு என்னிடம் வந்தார். அவருக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. பிரஷர், இதயநோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது.

"இது எங்களுக்குச் சரிப்படுமா?" என்று தயங்கிக் கேட்பவர்களும் உண்டு. நெல்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாய் கேட்டார், ஞானஒளிவுபுரத்து டீச்சர் ஒருவரும் கேட்டார். டீச்சருக்கு நான் சொன்னது ஓர் ஆராய்ச்சியைப் பற்றி. 2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை வைத்து ஜெபமாலை ஜெபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் ஒப்பிட்டு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. பிரஷரைச் சீராக வைக்கும் உடம்பின் ஏற்பாடும் நன்றாக வேலை செய்தது. டீச்சர் இப்போது வீட்டில் மாலை ஜெபத்தை அவசரமில்லாமல் சொல்கிறார். பாய் தொழுகை முடிந்து விரிப்பிலேயே பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்கிறார். எனக்கு இரண்டும் சம்மதம். நுரையீரலுக்குச் சாதி மதம் கிடையாது.

தியானத்துக்கு வருகிறேன். "மனசு நிக்கவே மாட்டேங்குது, அதனால விட்டுட்டேன்" என்று சொல்லாத ஆளே இல்லை. நிற்காது, யாருக்கும் நிற்காது. மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது மூச்சில் சீட்டுப் பணம் ஞாபகம் வரும், ஐந்தாவதில் மகன் ஃபீஸ் ஞாபகம் வரும். வந்ததைக் கவனித்து, சரி என்று மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறீர்கள் பாருங்கள், அந்தத் திரும்புவதுதான் பயிற்சி. 10 நிமிடத்தில் 50 தடவை ஓடினால் 50 தடவை திரும்பக் கிடைத்தது என்று அர்த்தம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தீராத வலி உள்ள நோயாளிகளுக்காக ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான். வலி அப்படியே இருக்கலாம். ஆனால் வலிக்கு மேலே ஏறி உட்காரும் பயம் குறையும்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டு கண் அறுவை சிகிச்சை பழகி, ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். ஸ்ரீ அரவிந்தரின் வழியைப் பின்பற்றியவர், தியானத்தை வேலையிலிருந்து பிரித்துப் பார்க்காதவர். அந்தக் கைகளை நினைக்கும்போது "நேரமில்லை" என்ற சொல் என் வாயில் வருவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடுமையான மனச்சோர்வு இருப்பவர்கள், காதில் குரல் கேட்கிறது என்பவர்கள், ஒரு பெரிய அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாதவர்கள் நாள்கணக்கில் மௌனமாக உட்காரும் முகாம்களுக்குத் தாங்களாகப் போக வேண்டாம். சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆசனங்களில் நான் சொல்லித்தருவது கொஞ்சம்தான். செல்லூரில் தறியில் குனிந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் முதுகுவலியோடு வருவார்கள். மூன்று மாதம் தாண்டிய இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சி, யோகா, தியானப் பயிற்சி போன்றவற்றை முயலச் சொல்லி அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கமே 2017-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பூனை போல முதுகை மேலும் கீழும் அசைக்கும் மார்ஜாரி ஆசனம், குப்புறப் படுத்து நெஞ்சைப் பாம்பு போலத் தூக்கும் புஜங்காசனம் (தாழ்வாக), கடைசியில் மல்லாந்து தளர்வாகப் படுக்கும் சவாசனம். இதற்கு 15 நிமிடம் போதும். ஆனால் வலி இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்கினால், கால் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் ஆசனம் எதுவும் செய்யாமல் உடனே வாருங்கள்.

தலைகீழாக நிற்கிற சிரசாசனத்தை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. அந்த நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் இரண்டு மடங்கு அளவுக்கு ஏறுகிறது. கண்ணில் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்னவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். குடலிறக்கம் இருந்தால், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். முட்டி தேய்ந்தவர்கள் பத்மாசனத்துக்காகக் காலை முறுக்க வேண்டாம். ஜூன் 21 யோகா தினம் வந்துபோன வாரத்தில் வருடா வருடம் இரண்டு மூன்று பேர் சுளுக்கோடு வருகிறார்கள். பழக்கமில்லாத உடம்பைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இழுத்ததால் வந்தது. நிலையாக, சுகமாக இருப்பதே ஆசனம் என்றுதான் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் சொல்கிறார்.

எப்படி உட்காருவது என்று கேட்பவர்களை ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய்வரச் சொல்வேன். சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகையில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிற சமணத் தீர்த்தங்கரர் சிலையின் காலைப் பார்க்க வேண்டாம், தோளைப் பாருங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, கை எப்படி மடியில் பாரமில்லாமல் கிடக்கிறது என்று பாருங்கள். அந்தத் தோள் நாற்காலியில் உட்கார்ந்தும் வரும்.

பூக்கார அக்கா அஞ்சாறு மாதம் விடாமல் செய்தார். பிரஷர் 134-க்கு 86. ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார், மூச்சும் விடுகிறார். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மணி முழிப்பு இன்னமும் சில நாள் வருகிறதாம். "முழிச்சா படுத்தபடியே எண்ண ஆரம்பிச்சிருவேன். நாப்பது மூச்சு தாண்டுனதா ஞாபகம் இல்ல" என்றார். பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். கல் கொஞ்சம் இளகியிருந்தது.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலூர் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு டிரைவர் அண்ணன், ஐம்பது வயது, யோகா வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். உடம்பு லேசாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆறு வாரத்தில் ஒரு காலை வாய் கோணி, பேச்சுக் குழறி, வீட்டார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல் அளவு 220. ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்துக்கொண்டார். இடது கை இன்னும் ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்கு வரவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள் என்று நான் இன்னும் ஒரு தடவை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.

யோகாவால் பிரஷர் குறையும், உண்மை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மேல் அளவு சராசரியாக 5 அலகு போல இறங்குகிறது. 138 இருப்பவருக்கு அது பெரிய உதவி. 180 இருப்பவருக்கு 175 பாதுகாப்பு இல்லை. பத்து நிமிடம் மூச்சு விட்டதும் மெஷினில் குறைவாகக் காட்டுவதை நம்பியும் ஏமாறாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது பழைய இடத்துக்குப் போய்விடும். நிலையான மாற்றத்துக்கு எட்டு, பத்து வாரமாவது ஆகும். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் மாத்திரையைக் குறைப்பது என் வேலை, சந்தோஷமாகக் குறைப்பேன். சுகர் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இதே பேச்சுத்தான்.

வகுப்பில் சேர்வதாக இருந்தால் முதல் நாளே சொல்லித்தருபவரிடம் உங்கள் நோயையும் மாத்திரையையும் சொல்லுங்கள். அதைக் கேட்காமலே எல்லாரையும் ஒரே ஆசனத்துக்கு அழைக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஐந்தரை வருடம் இதையே படித்த டாக்டர்களிடம் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சுகர் மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் வெகுநேரம் செய்யாமல், பையில் ஒரு கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை என்னிடம் வரும்போது மாத்திரை அட்டையோடு, எத்தனை நாள் செய்தீர்கள் என்று காலண்டரில் குறித்த பக்கத்தையும் கொண்டு வாருங்கள். விட்டுப்போன நாட்களையும் அப்படியே காட்டுங்கள்.