ஒரே நீராவிக்கு இரண்டு வேலை

ஊட்டி மலை ரயிலில் எஞ்சின் ஏன் பின்னால் நின்று தள்ளுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏறும் வழியில் பெட்டிகளின் இணைப்பு அறுந்தால் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தாங்கிக்கொள்ளும். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த எஞ்சினைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தபின் சும்மா விட எனக்கு மனமில்லை.

1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. மலையடிவாரத்திலுள்ள கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் சில இடங்களில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட்டின் யோசனை இது. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. ஆக, எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும்.

சரி, இனிதான் விஷயம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், அதாவது நீராவி உள்ளே புகுந்து பிஸ்டனைத் தள்ளும் உருளைகள். அவற்றில் ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், இன்னொரு ஜோடி நடுப்பட்டையின் பற்களைப் பிடிக்கும் பற்சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு வரை முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். உழைத்து முடித்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். பல்பாதை தொடங்கியதும் ஓட்டுநர் வால்வைத் திருப்புவார். இப்போது முதல் ஜோடி வெளியே விடும் நீராவி, மிச்சமிருக்கும் அழுத்தத்தோடு இரண்டாம் ஜோடிக்குள் நுழைந்து பற்சக்கரத்தைச் சுழற்றும்.

சிக்கனம் மட்டும் என்றால் நான் இவ்வளவு வியக்கமாட்டேன். மழையில் நனைந்த தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்கள் வேகமாக ஓடும், அதிக நீராவி வெளியே கொட்டும், இரு ஜோடிகளுக்கும் நடுவிலுள்ள குழாயில் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தம் பற்சக்கரத்தை இன்னும் பலமாகத் தள்ளும். அதே அழுத்தம் முதல் ஜோடிப் பிஸ்டன்களை எதிர்த்து நிற்பதால், வழுக்கும் சக்கரத்தின் விசை குறைந்து வழுக்கல் அடங்கும். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வழுக்குகிற சக்கரமே தன் சுமையைப் பற்சக்கரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது!

கோவையைச் சுற்றி இத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள். ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட், தொழிற்கூடம் பார்க்கும் பயணம்) என்று சொல்லி ஊட்டிக்கு பஸ் எடுத்துப் போகிறார்கள், படகுவிட்டுத் திரும்புகிறார்கள். எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் குன்னூர் லோகோ ஷெட்டில் அனுமதி வாங்கி ஒரு மணி நேரம் நின்றால், விளைவே திரும்பி வந்து காரணத்தைத் திருத்தும் பின்னூட்டக் கட்டுப்பாடு என்ற பாடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

வெள்ளைக்காரனோடு போன வித்தை என்று பெருமூச்சு விடுபவர்களுக்கும் ஒரு செய்தி: பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. தேய்ந்துபோன அவற்றுக்கு மாற்றாகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2010-களில் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டினார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்; சிலிண்டர் ஏற்பாட்டை மட்டும் மாற்றவில்லை.