ஃபேன் போட்ட பிறகு ஏன் நாறுகிறது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாலடிக்கு ஏழடி குளியலறை. கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், குளிக்கிற இடம் எல்லாம் அதற்குள்தான். அண்மையில் இடித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். குளிக்கிற பக்கம் கண்ணாடித் தடுப்பு, மீதி இடம் எப்போதும் ஈரமில்லாமல் இருக்கும்படி அமைப்பு, இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தும் புதுக் கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன். "பழைய பாத்ரூமில் இல்லாத நாற்றம் இதில் வருகிறது. ஃபேனைப் போட்டால் இன்னும் கூடுகிறது. ஏன்?" ஈசானிய மூலையில் கழிவறை இருந்தால் அப்படித்தான் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டாராம். மூலை கிடக்கட்டும், தரையில் தண்ணீர் போகும் துளைத்தட்டு, அதுதான் ஜாலி, அதைத் தூக்கிப் பார்ப்போம்.

ஜாலிக்குக் கீழே இருப்பது நஹானி ட்ராப். பிளம்பர்கள் சுருக்கமாக நானி ட்ராப் என்பார்கள். அதில் ஒரு வகையில், நடுவில் சின்னக் குழாய் நிமிர்ந்து நிற்கும், அதன்மேல் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு தேங்கிய நீருக்குள் முங்கியிருக்கும். நாம் ஊற்றும் தண்ணீர் விளிம்புக்கு அடியில் புகுந்து, மேலேறி, குழாய் வாயில் வழிந்து போய்விடும். சாக்கடைக் காற்று எதிர்த்திசையில் வர வேண்டுமென்றால் அந்த நீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்குத் தெம்பு கிடையாது. வளைகுழாயாக இருந்தாலும் தத்துவம் இதேதான். கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் இந்த வளைவை வைத்து 1775இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். நுட்பமான பல்சக்கரங்களோடு புழங்கிய மனிதர், அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஒரு கதவைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தண்ணீரே கதவு. தண்ணீரைப் போக விடும், காற்றை விடாது. ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் பழைய கதவு போய்ப் புதுக் கதவு வந்துவிடும்.

அந்தக் கதவின் உயரம் வழக்கமாக 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம். நம் தலைமேல் இருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம். அதாவது அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே இந்தக் கதவு தோற்றுவிடும். மாடி வீட்டில் ஃபிளஷ் செய்யும்போது உங்கள் ஜாலி 'களக் களக்' என்று சத்தம் போடுகிறதா? நீர் திரளாகக் கீழே விழும்போது குழாயிலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. உடனே உங்கள் குளியலறைக் காற்று ட்ராப் நீரை உள்ளே அமுக்கப் பார்க்கிறது. மொட்டைமாடி வரை போகும் காற்றுக்குழாய் இதற்காகத்தான். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடுவார்கள், அல்லது வாயை அடைத்துவிடுவார்கள்.

சரி, ஃபேனுக்கு வருவோம். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் இழுப்பு சில மில்லிமீட்டர் நீருக்குத்தான் ஈடு. ட்ராப் நிறைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. திருச்சி வாசகர் வீட்டில் ஈரமில்லாத பக்கத்திலும் ஒரு ஜாலி இருக்கும். அங்கே இப்போது யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, துடைப்பதோடு சரி. நீர் ஆவியாகித் தண்ணீர்க் கதவு காணாமல் போயிருக்கும். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். குளியலறையின் புதுக் கதவிலோ இடுக்கே இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி சாக்கடை.

இது வெறும் நாற்றச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற சுவாச நோய் தொற்றியது. ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் முக்கியமானது இதே கூட்டணிதான். தரையைக் கழுவாமல் துடைத்தே பழகியதால் ட்ராப்புகள் வறண்டிருந்தன, எக்ஸாஸ்ட் ஃபேன் கழிவுக்குழாயின் நுண்துளிகளை வீட்டுக்குள் இழுத்தது.

ஆகவே சின்னக் குளியலறை கட்டுபவர்கள் கதவுக்கு அடியில் அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஈரமில்லாத பக்கத்தில் ஜாலி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேண்டுமென்றால் வாஷ்பேசின் நீர் அந்த ட்ராப் வழியாகப் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள், தண்ணீர்க் கதவு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கோப்பையைச் சுவரில் தொங்கவிட்டால் தரை தெரியும், அறை பெரிதாகத் தோன்றும், அடியில் துடைக்கவும் எளிது. வெளிர் நிறம், பெரிய கண்ணாடி இதெல்லாம் டைல்ஸ் கடைக்காரரே சொல்லுவார். அவர் சொல்லாத ஒன்று: தரைக்கு இரண்டடிப் பெரிய டைல்ஸ் எடுக்காதீர்கள். குளிக்கிற தரை நாலு பக்கமும் ஜாலியை நோக்கிப் புனல் மாதிரி சரிய வேண்டும், ஐந்தடிக்கு ஓர் அங்குலம். பெரிய டைல் அப்படி வளையாது. சின்ன டைல்ஸ் சரிவோடு போகும், இணைப்புக் கோடுகள் கூடுவதால் காலும் வழுக்காது. கொத்தனாருக்குக் கணக்கு முடிக்கும் முன் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள். நான் உருட்டாமல் விட்ட வீட்டில் மூன்று வருஷம் தண்ணீர் வாசலுக்குத்தான் வந்தது. வாஸ்து பார்ப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பிளம்பரை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இன்னொரு குற்றமும் நான் செய்திருக்கிறேன். முடி அடைக்கிறதே என்று அந்தக் கவிழ்த்த கிண்ணத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டேன். தண்ணீர் ஜோராகப் போனது, அன்று ராத்திரியே நாறியது. கழுவித் திரும்ப மாட்டினேன்.

திருச்சி வாசகர் இன்றைக்குச் செய்ய வேண்டியது, அந்த ஜாலியில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது. கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போவதானால் ஊற்றிய பிறகு மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விடலாம். எண்ணெய் மிதந்து மூடி, நீர் ஆவியாவதைத் தாமதமாக்கும்.