இடைச்சொற்கள் சொல்லும் சாட்சி

“ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது ஷேக்ஸ்பியரே இல்லை, ஒரு பிரபு என்கிறார்களே, இதை அறிவியல் முறையில் சோதிக்க முடியுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

சந்தேகத்தின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1564-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில், கையுறை தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் ஷேக்ஸ்பியர். பல்கலைக்கழகம் போகவில்லை. அவருடையவை என்று பரவலாக ஏற்கப்படும் கையெழுத்துகள் ஆறுதான். இவருக்கு அரண்மனை நடைமுறையும் சட்டமும் இத்தாலியும் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டு, 1857-ல் டெலியா பேக்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி தத்துவஞானியும் அரசியல்வாதியுமான ஃபிரான்சிஸ் பேக்கனும் அவர் கூட்டத்தாரும்தான் எழுதினார்கள் என்றார். 1920-ல் தாமஸ் லூனி என்ற ஆங்கிலேயர், ஆக்ஸ்ஃபோர்டின் 17-ஆம் பிரபுவான எட்வர்ட் டி வேரைக் காட்டினார். இந்தப் பிரபு இறந்தது 1604-ல். ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்திலோ, 1609-ல் பெர்முடா தீவில் மோதிய கப்பலைப் பற்றிய செய்திகளின் எதிரொலி கேட்கிறது. ஆளின் பிறப்பைப் பார்த்து அவன் அறிவை அளப்பது சோதிடத்தைவிடப் பழைய மூடநம்பிக்கை என்பதும், இந்தச் சந்தேகங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே முளைத்தவை என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் கருத்து சான்று ஆகாது. எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் எண்ணியவர் தாமஸ் மெண்டன்ஹால் என்ற இயற்பியலாளர். ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்று எண்ணி வரைபடம் போட்டால், அது எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறும் என்பது அவர் எண்ணம். பாஸ்டன் செல்வந்தர் ஒருவர் பணம் தர, இரண்டு பெண்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்ல, மற்றவர் எண்ணும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவார். ஷேக்ஸ்பியரில் மட்டும் சுமார் 4 லட்சம் சொற்கள்! 1901-ல் முடிவு வெளிவந்தது. ஷேக்ஸ்பியரிடம் நான்கெழுத்துச் சொற்களே அதிகம், பேக்கனிடம் மூன்றெழுத்துச் சொற்கள். ஆகவே பேக்கன் இல்லை என்று தோன்றியது. ஆனால் ஷேக்ஸ்பியர் எழுதியது பெரும்பாலும் செய்யுள், பேக்கனிடமிருந்து எடுத்துக்கொண்டது உரைநடை. பிலிப் சிட்னி என்ற ஒரே ஆளின் செய்யுளையும் உரைநடையையும் ஒப்பிட்டாலே அதே அளவு வேறுபாடு வருகிறது என்று 1975-ல் சி. பி. வில்லியம்ஸ் காட்டினார். அந்த வரைபடம் பிரித்துக் காட்டியது ஆளை இல்லை, யாப்பை. இந்தத் துறையின் முதல் விதி அங்கே பிறந்தது: செய்யுளைச் செய்யுளோடும், நாடகத்தை நாடகத்தோடும், கூடுமானவரை அதே பத்தாண்டில் எழுதியவற்றோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் எதை எண்ணுவது? பெயர், வினை, இடை, உரி என்று பள்ளியில் நான்கு வகைச் சொற்களைப் படித்திருப்போம். பெயரும் வினையும் கதையைப் பொறுத்து மாறும். அரசனைப் பற்றி எழுதினால் அரசன் வருவான், ஆட்டிடையனைப் பற்றி எழுதினால் ஆடு வரும். இடைச்சொல் அப்படி மாறாது. ஆங்கிலத்தில் ‘தி’, ‘அண்ட்’, ‘ஆஃப்’, ‘பட்’, ‘வித்’, ‘அப்பான்’ போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. மொத்தச் சொற்களில் பாதியை நெருங்கும் அளவுக்கு இவை வந்தாலும், எழுதுபவர் கண்ணிலும் படிப்பவர் கண்ணிலும் படுவதில்லை. ஒருவர் நடையைக் காப்பியடிக்க நினைப்பவன் அவருடைய அரிய சொற்களை எடுத்துக்கொள்வான். ஆயிரம் சொல்லுக்கு எத்தனை ‘ஆஃப்’ போடுகிறார் என்பதை அவனால் கவனிக்கவும் முடியாது, கவனித்தாலும் ஐந்து அங்கம் முழுக்கக் கட்டிக்காக்க முடியாது.

1964-ல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இருவர் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து வந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில், ஹாமில்டன் எழுதியதா மேடிசன் எழுதியதா என்று தகராறு இருந்த 12-ஐ இந்த வழியில் சோதித்தார்கள். ஹாமில்டன் ‘அப்பான்’ என்ற சொல்லை ஆயிரத்துக்குச் சுமார் 3 முறை எழுதுவார். மேடிசன் ஐயாயிரத்துக்கு ஒரு முறை எழுதினாலே பெரிது. பன்னிரண்டும் மேடிசனுடையவை என்று தெளிவாகப் பிரிந்தன.

இன்று பரவலாகப் பயன்படுவது ஜான் பரோஸ் 2002-ல் வெளியிட்ட ‘டெல்டா’ என்ற கணக்கு. பத்தாம் வகுப்புப் புள்ளியியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை. அவ்வளவு எளிய கணக்கு இத்தனை வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு தீர்வதில்லை. அந்தக் கால நாடகாசிரியர்கள் இருபது பேரின் நாடகங்களைச் சேர்த்து, அதிகம் வரும் 150 சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் ஆயிரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதன் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (அந்தச் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) கண்டுபிடியுங்கள். ஒரு பேச்சுக்கு, ‘தி’யின் சராசரி 30, திட்ட விலக்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரிய நாடகத்தில் அது 36 என்றால் (36−30)/4 = +1.5. சோதிக்கப்படும் ஆளிடம் 28 என்றால் −0.5. இரண்டுக்கும் இடைவெளி 2. அடுத்து ‘அப்பான்’: சராசரி 2, திட்ட விலக்கம் 0.5. நாடகத்தில் 1.5, ஆளிடம் 1.75. அதாவது −1, −0.5. இடைவெளி 0.5.

திட்ட விலக்கத்தால் ஏன் வகுக்க வேண்டும்? வகுக்காவிட்டால் ‘தி’யின் இடைவெளி 8, ‘அப்பானு’டையது 0.25. முதலாவது 32 மடங்கு பெரிது. 150 சொற்களைக் கூட்டினால் ‘தி’, ‘அண்ட்’ போன்ற நான்கைந்து பெரிய சொற்களின் சத்தத்தில் மற்றவற்றின் குரல் அமுங்கிவிடும். வகுத்த பிறகு அந்த 32 மடங்கு 4 மடங்காகக் குறைகிறது. அபூர்வமாக வரும் சொல்லுக்கும் கணக்கில் இடம் கிடைக்கிறது. இப்படி 150 இடைவெளிகளின் சராசரிதான் டெல்டா. யாருடைய டெல்டா மிகக் குறைவோ, அவரே நடையில் மிக நெருங்கியவர்.

தமிழில் இதைச் செய்ய ஒரு வேலை கூடுதல். நம் இடைச்சொல் தனித்து நிற்காது. ‘அரசனாலும்’ என்பதில் ‘ஆல்’, ‘உம்’ இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் பிரிக்க வேண்டும், அல்லது சொல்லை விட்டுவிட்டு மூன்று மூன்று எழுத்துக் கோவைகளாக எண்ண வேண்டும்.

எங்கே தவறு நேர்கிறது? பெரும்பாலும் எண்ணத் தொடங்கும் முன்பே. அக்கால அச்சில் ‘லவ்’ என்ற சொல் ‘வி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘யு’ போட்டு இருக்கும். எழுத்துக்கூட்டலை ஒருமைப்படுத்தாவிட்டால் ஒரே சொல்லை இரண்டாக எண்ணுவோம். பாத்திரப் பெயர்களையும் மேடைக் குறிப்புகளையும் நீக்க வேண்டும். அச்சுக்கோத்தவர் தம் பழக்கப்படி சொற்சுருக்கங்களை மாற்றியிருக்கலாம் என்பதால் அவற்றை மட்டும் நம்பவும் கூடாது. அளவு இன்னொரு சிக்கல். நம்பகமான முடிவுக்கு ஏறத்தாழ 5,000 சொற்கள் வேண்டும் என்பது மசியெய் எடெர் செய்த சோதனை. பெரும்பாலான காட்சிகள் அதைவிடச் சிறியவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, டெல்டா எப்போதும் ஒரு பெயரைச் சொல்லிவிடும் என்பது. உண்மையில் எழுதியவர் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும், இருப்பவர்களில் நெருங்கியவரை நீட்டும். இதற்காகப் பின்னர் வந்த முறை, பாதிச் சொற்களைக் குலுக்கிப்போட்டு எடுத்து, தொடர்பே இல்லாத பலரையும் பட்டியலில் சேர்த்து, 100 முறை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. பெரும்பாலான முறை ஒரே ஆள் முன்னால் வந்தால்தான் நம்பலாம். கவனமாயிருக்கக் காரணம் உண்டு. 1612-ல் ‘டபிள்யூ. எஸ்.’ என்ற முதலெழுத்துகளோடு அச்சான இரங்கற்பா ஒன்றை ஷேக்ஸ்பியருடையது என்று 1990களில் டொனால்ட் ஃபாஸ்டர் அறிவித்தார். அது ஜான் ஃபோர்டு என்ற நாடகாசிரியருடையது என்று 2002-ல் கில் மோன்சரா காட்டியதும், ஃபாஸ்டர் தம் தவற்றை ஒப்புக்கொண்டார்.

சரி, பிரபுக்கள்? கலிஃபோர்னியாவின் கிளேர்மாண்டில் எலியட்டும் வலென்ஸாவும் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் இந்த ‘உண்மை ஆசிரியர்’களின் எழுத்தைச் சோதித்தார்கள். டி வேர் உட்பட எவருடையதும் பொருந்தவில்லை. அதைவிடச் சுவையானது, பிரபுக்களைத் தேடியவர்கள் தேடாத இடத்தில் வேறு கைகள் தென்பட்டது. ‘டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ்’ தொடக்கத்தில் ஜார்ஜ் பீல், ‘டைமன்’ நாடகத்தில் தாமஸ் மிடில்டன், ‘பெரிக்ளிஸ்’ முதல் இரு அங்கங்களில் ஜார்ஜ் வில்கின்ஸ். மூன்றையும் இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். நாடகக் குழுவுக்குப் புது நாடகம் தொடர்ந்து வேண்டும். இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு எழுதுவது அன்று சாதாரணத் தொழில் வழக்கம்.

இன்று இவ்வளவு பெரிய அளவில் எண்ண முடிவதற்கு ஒரு காரணம், பழைய ஆங்கில நூல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்து, 2015-ல் 25,000 நூல்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட வேலை. விண்கலத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் தட்டச்சுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நூல்கள் பிழையில்லாமல் கணினிக்குள் வராத மொழியில் இந்த ஆராய்ச்சி தொடங்கவே முடியாது. அரசுப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அது.

பங்கு போட்டதில் மிகத் தெளிவான வழக்கு ‘எட்டாம் ஹென்றி’. 1613-ல் இது நடந்துகொண்டிருந்தபோதுதான் பீரங்கிப் பொறி கூரையில் பட்டு குளோப் அரங்கம் எரிந்தது. இதில் பங்கு போட்ட நாடகாசிரியர், ஷேக்ஸ்பியரைவிட 15 வயது இளையவரான ஜான் ஃபிளெட்சருக்கு அடையாளமான பழக்கங்கள் உண்டு. ‘யூ’ என்னும் இடத்தில் ‘யீ’, ‘தெம்’ என்பதைச் சுருக்கி ‘எம்’, பத்து அசையோடு நிற்காமல் பதினோராவது அசைக்கு வழிந்து முடியும் அடி. ஷேக்ஸ்பியர் பழைய ‘ஹாத்’தை விடமாட்டார், ஃபிளெட்சர் புதிய ‘ஹாஸ்’ எழுதுவார். 1850-லேயே ஜேம்ஸ் ஸ்பெடிங் நடை மாறுவதைக் காதால் கேட்டுக் காட்சி காட்சியாகப் பிரித்தார். 2019-ல் பெட்ர் பிளெஹாச், அதிகம் வரும் 500 சொற்களையும் அடிகளின் சந்தத்தையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தபோது, பெரும்பகுதி அதே பிரிப்புதான் வந்தது.

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் அரசன் கோபத்தோடு வெளியேறுகிறான். கை மாறுவது அங்கேதான் என்றார் ஸ்பெடிங். அதற்குப் பின்னால் வருவது, பதவி இழந்த கார்டினல் வுல்ஸி தன் பெருமைகளுக்கெல்லாம் விடைகொடுக்கும் தனிமொழி. ஷேக்ஸ்பியரின் உச்சங்களில் ஒன்றாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வரிகள் அவை. ஸ்பெடிங்கின் கணக்குப்படி அதை எழுதியது ஃபிளெட்சர்.