ஹெர்னியா சார்ட்டில் மெஷ் அளவைப் பார்த்து கோட் போடாதீர்கள்

சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர்களில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்களுக்கு, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கு, பில்லுக்கான கோட் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சர்ஜரி டீமில் இருப்பவர்களுக்கு ஹெர்னியா (தசைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக உள்ளிருப்பது பிதுங்குவது) கேஸ் வராத வாரமே இருக்காது. சுலபமான கேஸ் என்று நினைத்து வேகமாகத் தாண்டிப் போவது அதைத்தான். ஆடிட்டில் நான் அதிகம் திருப்பி அனுப்புவதும் அதையேதான்.

வயிற்றின் முன்சுவரில் வரும் ஹெர்னியாவுக்கான, அதாவது தொப்புள், மேல்வயிறு, பழைய ஆபரேஷன் தழும்பு போன்ற இடங்களுக்கான சிபிடி கோட்கள் (செய்த சிகிச்சையைக் குறிக்கும் ப்ரொசீஜர் கோட்கள்) 2023 ஜனவரியில் அடியோடு மாறின. அதற்கு முன்பு ஓப்பனா (வயிற்றைத் திறந்து செய்ததா), லேப்ராஸ்கோப்பியா (சிறு துளை வழியாகச் செய்ததா) என்று பார்த்தோம். இப்போது ரோபோட் வைத்துச் செய்தாலும் அதே கோட்தான். பார்க்க வேண்டியது வேறு. முதல் தடவையா, ரிப்பேர் செய்த இடத்தில் மறுபடி வந்ததா? தள்ளினால் உள்ளே போகிறதா, சிக்கிக்கொண்டதா? ஓட்டையின் மொத்த நீளம் 3 சென்டிமீட்டருக்குக் கீழா, 3 முதல் 10 வரையா, 10-க்கு மேலா? முதல் தடவை என்றால் 49591 முதல் 49596 வரை, திரும்ப வந்தது என்றால் 49613 முதல் 49618 வரை. ஓட்டையை மூட மெஷ் (வலை) வைப்பதற்குத் தனி கோட் கிடையாது, இதிலேயே அடங்கிவிட்டது. (தொடை இடுக்கு ஹெர்னியா இந்தக் கணக்கில் வராது. அங்கே ஓப்பனும் லேப்ராஸ்கோப்பியும் இன்னமும் தனித்தனிதான்.)

நமக்கு வரும் ஆபரேட்டிவ் நோட் ஒன்று இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'நடுவயிற்றுப் பழைய தழும்பில் ஹெர்னியா. ஓமென்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) எளிதாக உள்ளே தள்ளப்பட்டது. 15-க்கு 10 சென்டிமீட்டர் மெஷ் வைத்துப் பொருத்தப்பட்டது.' ஓட்டையின் அளவு எங்கேயும் இல்லை. புதிதாக வந்தவர் நோட்டில் அளவைத் தேடுவார், 15 கண்ணில் படும், 10-க்கு மேல் என்று 49595 போட்டுவிடுவார். ஆனால் மெஷ் எப்போதுமே ஓட்டையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், சுற்றிலும் சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால்தான் அது நிற்கும். அந்த 15 சென்டிமீட்டர் மெஷ்ஷுக்குக் கீழே இருப்பது 5 சென்டிமீட்டர் ஓட்டையாக இருக்கலாம். அப்படியென்றால் சரியான கோட் 49593. தப்பான கோட் போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கேட்பது ஒரு பக்கம். பில்லில் இத்தனை சதவீதம் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று பாலிசி இருந்தால், நாம் போட்ட தப்பு அவர் தலையிலும் விழுகிறது. எனக்கு அதுதான் உறுத்தும்.

அளப்பதற்கும் நேரம் உண்டு. ஓட்டையைத் திறப்பதற்கு முன் அளக்க வேண்டும். திறந்து பிரித்த பிறகு தசையுறை விலகிக்கொள்ளும், இல்லாத அளவு காட்டும். பல ஓட்டைகள் இருந்தால் நடுவில் இருக்கும் நல்ல தசையுறையைப் பார்க்க வேண்டும். அது 10 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் ஒரு கடைசி விளிம்பிலிருந்து மறு கடைசி விளிம்பு வரை, இடைவெளியையும் சேர்த்தே கணக்கு. 3 சென்டிமீட்டர் ஓட்டை, 2 சென்டிமீட்டர் இடைவெளி, அடுத்து 2 சென்டிமீட்டர் ஓட்டை என்றால் மொத்தம் 7. இடைவெளி 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஓட்டைகளை மட்டும் கூட்ட வேண்டும். அவற்றில் ஒன்று சிக்கியிருந்தாலும் எல்லாமே சிக்கியதாகத்தான் கோட் ஆகும். 'மல்ட்டிபிள் ஸ்விஸ் சீஸ் டிஃபெக்ட்' (சல்லடை போல் பல ஓட்டைகள்) என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் இதில் எதையும் நம்மால் கணக்குப் போட முடியாது.

'ரிக்கரன்ட்' (திரும்ப வந்தது) என்பதில் நடக்கும் குழப்பம் இன்னொன்று. பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்பில் வந்த ஹெர்னியாவை, ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறதே என்று ரிக்கரன்ட்டில் சேர்க்கிறார்கள். அது இன்சிஷனல் (தழும்பில் வந்த) ஹெர்னியா, ஆனால் முதல் தடவை. ஹெர்னியாவையே முன்பு ரிப்பேர் செய்து, அதே இடத்தில் திரும்ப வந்தால்தான் ரிக்கரன்ட். டயக்னோசிஸ் பக்கம், அதாவது நோயைக் குறிக்கும் ஐசிடி-10-சிஎம் கோட்களில், தொப்புளுக்கான கே42-லும் வென்ட்ரலுக்கான (வயிற்று முன்சுவரின் மற்ற ஹெர்னியாக்களுக்கான) கே43-லும் ரிக்கரன்ட்டைக் காட்ட இடமே இல்லை. தொடை இடுக்குக்கான கே40-லும் ஃபெமரலுக்கான (தொடையின் மேல்பகுதி) கே41-லும்தான் உண்டு. ஆகவே முன்சுவர் ஹெர்னியாவில் அந்த ஒரு சொல்லைச் சுமப்பது ப்ரொசீஜர் கோட் மட்டும்தான், அங்கே தவறினால் வேறெங்கும் பிடிபடாது. கே40-ல் ஒரு பக்கமா, இரு பக்கமா என்பது மட்டும் இருக்கும், வலது இடது கிடையாது. பக்கத்தை, ப்ரொசீஜர் கோடுடன் சேர்க்கும் மாடிஃபையர் என்ற குறியில்தான் காட்ட வேண்டும்.

'இன்கார்சரேட்டட்' (சிக்கிக்கொண்டது) என்று டாக்டர் எழுதினால் ஐசிடி அதை அடைப்புள்ள ஹெர்னியாவாகவே எடுத்துக்கொள்ளும், குடல் அடைக்காமல் வெறும் கொழுப்பு சிக்கியிருந்தாலும் சரி. அழுகலும் அடைப்பும் சேர்ந்திருந்தால் அழுகல் கோட்தான். அதனால்தான் மேலே டயக்னோசிஸில் 'இன்கார்சரேட்டட்' என்றும் கீழே ஆபரேஷன் விவரத்தில் 'தானாகவே உள்ளே போனது' என்றும் இருக்கிற நோட்டை அப்படியே விடக் கூடாது. நமக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. கேட்க வேண்டும்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. 'டிஃபெக்ட் 10 சென்டிமீட்டருக்கு மேல்தானே?' என்று டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பினால் பதிலை நாமே ஊட்டிவிட்டதாக ஆகிவிடும். 'நோட்டில் மெஷ் 15-க்கு 10 சென்டிமீட்டர் என்று உள்ளது. டிஃபெக்ட்டைத் திறக்கும் முன் எடுத்த அளவு காணப்படவில்லை. தெரிவிக்க முடியுமா?' என்று இருப்பதை மட்டும் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம் என்ற பேச்சு அதில் வரவே கூடாது. பதில் சாட்டில் 'ஆமாம், 5 சென்டிமீட்டர்' என்று வந்தாலும் அதை வைத்து கோட் போட வேண்டாம். டாக்டர் தேதியும் கையெழுத்தும் போட்டு நோட்டில் அடெண்டமாக (பின்னிணைப்பாக) சேர்க்கும்வரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள்.