விண்டோ: காற்றின் கண்

ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'விண்டோ' இங்கிலாந்தில் பிறந்ததல்ல, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொண்டுவந்தது. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இது 'விண்டவுகா'. 'விண்டர்' என்றால் காற்று, 'அவுகா' என்றால் கண். நடுவில் அடுப்பு எரியும் நீண்ட வீடு. புகை வெளியேற ஒரு திறப்பு. அதில் கண்ணாடி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் வைத்த பெயர் இது.

அதற்கு முன் ஆங்கிலேயரிடம் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஏயக்தூரல்' என்றார்கள்: கண் துளை. அந்தச் சொல் வழக்கொழிந்தது. ஆனால் அதிலிருந்த 'துளை' மட்டும் மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் கோத்திக் மொழி விவிலியத்தில் வருவதோ 'அவுகதவுரோ', அதாவது கண் கதவு. ஆங்கிலம், நார்ஸ், கோத்திக் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்குச் சுவரில் திறப்பைக் கண்டாலே கண்தான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது!

13ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டிய 'விண்டோ', லத்தீன் வழியில் வந்த 'ஃபெனஸ்டர்' என்ற சொல்லோடு 16ஆம் நூற்றாண்டு வரை மல்லுக்கட்டி வென்றது. ஜெர்மனியில் முடிவு தலைகீழ்: அங்கே இன்றும் 'ஃபென்ஸ்டர்'. ஸ்வீடனும் அந்தப் பக்கமே சாய்ந்தது. டென்மார்க்கும் நார்வேயும் காற்றுக் கண்ணைக் கைவிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், நார்ஸ் வழி வந்த ஐஸ்லாந்து மொழியில் வழங்குவது 'குளுக்கி' என்ற வேறு சொல். ஜெர்மானியக் குடும்பத்தைச் சேராத ஐரிஷ் மொழியோ வைக்கிங் சொல்லை வாங்கி 'ஃபுயின்யோக்' ஆக்கிக்கொண்டது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'ஜன்னல்' போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது, இலங்கையில் 'யன்னல்'. நம்மிடம் முன்பே இருந்தது 'காலதர்': கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகர மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கட் காலதர்' என்கிறது. மானின் கண் போன்ற சாளரம். காற்றும் கண்ணும் ஒரே தொடரில்! நார்ஸுக்கும் நமக்கும் உறவேதும் இல்லை, இது தற்செயல்தான். 'பலகணி'யிலும் கண் உண்டு.

பேச்சில் ஜன்னலை விரட்ட வேண்டியதில்லை. கணினித் திரையில் திறக்கும் 'விண்டோ'வுக்குச் 'சாளரம்' நிலைத்துவிட்டது. சமையலறையிலும் குளியலறையிலும் காற்றுக்காக மட்டும் விடும் சிறு திறப்பு இருக்கிறதே, 'வென்டிலேட்டர்', அதற்குக் காலதர் கச்சிதமாகப் பொருந்தும்.