கோளாறு வால்விலா, வழியிலா?

டீசல் காரில் இஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0401 என்று காட்டுகிறது. 'இ.ஜி.ஆர். வால்வு போச்சு, மாத்திடலாம்' என்ற பேச்சு உடனே வந்துவிடும். அவசரப்படக் கூடாது. இஞ்சினுக்குள் திரும்பி வர வேண்டிய அளவு புகை வரவில்லை என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இஞ்சினுக்குள் விடுவதுதான் இ.ஜி.ஆர். அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சிலிண்டருக்குள் சூடு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாக உருவாகும். அந்தச் சூட்டை அடக்கத்தான் இந்த ஏற்பாடு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, ஸ்கேனர் வழியாகவே வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். புகை உள்ளே வந்தால் அந்த அளவுக்குப் புதுக் காற்றுக்கு இடம் குறையும். உள்ளே வரும் புதுக் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் எண் சட்டென்று இறங்க வேண்டும். வால்வு திறந்ததாக ஸ்கேனர் காட்டியும் எண் அசையவில்லையா? அநேகமாகப் புகை வரும் குழாயோ, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டோ அடைத்திருக்கிறது. ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்திருந்தாலும் கணக்கு தப்பும், அதையும் பார்த்துவிடுங்கள். வால்வே நகரவில்லை என்றால் முதலில் கனெக்டரையும் வயரையும் பாருங்கள், அப்புறம் வால்வைக் கழற்றலாம்.

கழற்றினால் கறுப்புக் களிதான் கண்ணில் படும். கரியும் இஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, தாரைப் போல அப்பிக்கிடக்கும். இஞ்சின் முழுதாகச் சூடாகாமலே தினமும் பக்கத்துத் தெரு வரை போய்வரும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும்.

வால்வு திறந்தே சிக்கிக்கொண்டால் டீசலில் கரும்புகை, பிக்கப் குறைவு. பெட்ரோலில் ஐடிலிங் ஆட்டம். மூடியே சிக்கினால் பெட்ரோல் இஞ்சினில் தட்டும் சத்தம் (நாக்கிங்) வரலாம், ஆனால் டீசல் ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதனால்தான் சிலர் இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டுப் 'பிரச்சினை தீர்ந்தது' என்கிறார்கள். தீரவில்லை, நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடி, பின்னால் வருபவரின் நுரையீரலுக்குப் போகின்றன. இதை எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாது.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகை வந்தால் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரையும் சந்தேகப்படுங்கள். வால்வைச் சுத்தம் செய்யும்போது அதன் மோட்டார் பக்கம் கிளீனர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு, பல வண்டிகளில் வால்வு மூடும் நிலையை ஸ்கேனர் மூலம் மறுபடி பதிய வைக்க வேண்டும்.